படுக்கையையும் பில்லையும் ஒருசேரப் பார்ப்பவர்: மருத்துவக் காப்பீட்டு மோசடியிலிருந்து தற்காத்துக்கொள்ளும் வழிகள்

அப்பா தவறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்த ஆறு நாட்களும் நான் ஒரு சிறிய நோட்டுப்புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேன். மோசடியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அப்போது எனக்கு இல்லை. எந்த மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதை, இரவுக்கு வரும் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதற்காக எழுதியது அது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையெழுத்துக்காக நீட்டப்பட்ட இறுதிப் பில்லின் மூன்றாம் பக்கத்தில், நெபுலைசர் 14 முறை என்று ஒரு வரி இருந்தது. அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு எதுவும் கிடையாது. அந்தக் கருவி அவருடைய அறைக்குள் வரவே இல்லை. கவுன்டரில் கேட்டேன். அங்கிருந்தவர் என்னைச் சமாதானப்படுத்தும் குரலில், "இன்சூரன்ஸ்தானே சார் கட்டுது, உங்க கையிலேருந்து ஒண்ணும் போகலையே" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டுப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வரத்தான் எனக்கும் தோன்றியது. அப்பா ஏற்கெனவே சக்கர நாற்காலியில் காத்திருந்தார். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டியபோது, நோய் விவரத்தில் இடுப்பெலும்பு முறிவுக்குக் கீழே, "நாள்பட்ட மூச்சுக்குழாய் நோய், பல ஆண்டுகளாக" என்றும் எழுதப்பட்டிருந்தது. பில்லில் இருந்த 14 முறைக்கு ஒரு நோய் தேவைப்பட்டிருக்கிறது. அந்த நோயை அப்பாவின் பெயரில் எழுதிவிட்டார்கள். நாளைக்கு அவருக்கு உண்மையிலேயே மூச்சுத் திணறல் வந்து சேர்க்க நேர்ந்தால், "இந்த நோய் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது, பாலிசி வாங்கும்போது நீங்கள் சொல்லவில்லை" என்று கிளைமை மறுக்க அந்த ஒரு வரி போதும். பணம் போனால் ஓரளவு திரும்பி வரும். இல்லாத நோய் ஒன்று ஒருவருடைய மருத்துவ வரலாற்றில் ஏறிவிட்டால் அதை இறக்குவதுதான் பெரும்பாடு. ஆகவே "உங்கள் பணம் இல்லையே" என்ற பேச்சை நம்ப வேண்டாம் என்று உங்களை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

காப்பீட்டு நிறுவனம் காகிதத்தை மட்டுமே பார்க்கிறது. காகிதத்தை எழுதுபவர்கள் மருத்துவமனையில் இருக்கிறார்கள். படுக்கையில் நடந்ததையும் பில்லில் எழுதியதையும் ஒருசேரப் பார்க்கக்கூடியவர்கள் நோயாளியும் அவர் கூட இருப்பவரும் மட்டும்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு யோசனையும் அந்த இடத்திலிருந்து வருகிறது.

பாலிசி வாங்கும் நேரத்தில்

போலிப் பாலிசி விற்பவர்கள் அச்சடிக்கும் தாளும் முத்திரையும் அசலைப் போலவே இருக்கும். தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வதில் பயனில்லை. பணம் போகும் வழியைப் பாருங்கள். பிரீமியத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கிலோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ மட்டுமே செலுத்த வேண்டும். முகவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாலிசி கைக்கு வந்ததும், அதில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்து உறுதிப்படுத்தாதீர்கள். போலித் தாளில் போலி எண்தான் இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் அந்த நிறுவனத்தைத் தேடி, அங்கிருந்து கிடைக்கும் எண்ணுக்கு அழைத்து, இந்தப் பாலிசி எண் உங்கள் பதிவில் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில மருத்துவமனைகளில் கட்டணத் தள்ளுபடி தரும் அட்டைகளைக் காப்பீடு என்று சொல்லி விற்கிறார்கள். தள்ளுபடி அட்டை எந்தப் பில்லையும் கட்டாது. "எந்த நோயானாலும் காத்திருப்புக் காலமே இல்லை, பரிசோதனை வேண்டாம், இன்று மாலைக்குள் சேர்ந்தால் பாதி விலை" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை.

பாலிசிக்கு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவத்தை உங்கள் கையால் நிரப்புங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். "கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முகவர் சொல்வது உதவியாகத்தான் தோன்றும். சர்க்கரை நோய் இருப்பதைச் சொன்னால் பிரீமியம் ஏறும், வாங்க மாட்டீர்கள் என்ற கணக்கில் அவர் "இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டால், கிளைம் மறுக்கப்படும் நாளில் கையெழுத்துக்குப் பொறுப்பு உங்களுடையதாகத்தான் இருக்கும். இந்தியாவில் 2024-இல் வந்த விதிகளின்படி, ஒரு மருத்துவப் பாலிசி 60 மாதங்கள் இடைவிடாமல் தொடர்ந்திருந்தால், அதன் பிறகு நோயை மறைத்தார் என்ற காரணத்துக்காகக் கிளைமை மறுக்க முடியாது; ஆனால் மோசடி என்று நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. முகவர் பொய்யாக இட்ட ஒரு குறி உங்களை எந்தப் பக்கத்தில் நிறுத்திவிடும் என்று எண்ணிப் பாருங்கள். நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, பாலிசி வந்ததும் இரண்டையும் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துப் பிரீமியத்தைத் திரும்பப் பெற ஒரு குறுகிய அவகாசம் பல நாடுகளில் உண்டு. இந்தியாவில் அது 30 நாள்.

தொடர்பு எண்ணாக உங்களுடைய கைப்பேசி எண்ணே பதிவாகியிருக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். இது சிறிய விஷயம் அல்ல. இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே எண்ணோடு இணைக்கப்பட்டிருந்தது சுட்டிக்காட்டப்பட்டது. முந்தைய சிகிச்சையின்போதே இறந்துவிட்டதாகப் பதிவான நோயாளிகளின் பெயரில் மறுபடியும் சிகிச்சை பதிவானதையும் அதே அறிக்கை சொன்னது. உங்கள் பெயரில் யாரோ கிளைம் போட்டால் அதைத் தெரிவிக்கும் குறுஞ்செய்தி, பதிவில் இருக்கும் எண்ணுக்குத்தான் போகும். அந்த எண் முகவருடையதாகவோ, அலுவலகத்தில் எப்போதோ இருந்த ஒருவருடையதாகவோ இருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

அட்டையும் எண்ணும்

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை யாரிடமும் கொடுத்துவிட்டு வர மாட்டோம். உறுப்பினர் அட்டையின் நகலை மட்டும் கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்துவிடுகிறோம். இலவச முகாம்களில் இது மிகச் சுலபமாக நடக்கிறது. பெயர், பிறந்த தேதி, காப்பீட்டு எண் மூன்றையும் எழுதிக்கொண்டு, ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் பெயரில் ஒரு வரிசைப் பரிசோதனைகளுக்குப் பில் போகும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இதன் பேருருவம் வெளிப்பட்டது. புற்றுநோய் வருமா என்று இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம் என்று முதியவர்களை அணுகி, மரபணுப் பரிசோதனை என்ற பெயரில் பில் போட்ட கும்பல்களின் மேல் 2019 செப்டம்பரில் அந்நாட்டு அரசின் நீதி அமைச்சகம் வழக்குத் தொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 35 பேர், சொல்லப்பட்ட இழப்பு 210 கோடி டாலருக்கு மேல். உண்மையிலேயே இலவசமாக நடக்கும் பரிசோதனைக்குக் காப்பீட்டு எண் எதற்கு என்று நீங்கள் கேட்டாலே போதும். பதில் சொல்ல முடியாதவரிடம் எண்ணைத் தர வேண்டியதில்லை.

தொலைபேசியில் வருபவர்கள் உங்களைப் பற்றி நிறையத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். பாலிசி எண்ணையும் பிறந்த தேதியையும் அவர்களே சொல்லும்போது, நிறுவனத்தின் ஆள்தான் என்ற நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது. அந்த விவரங்கள் கசிந்து கிடக்கின்றன. 2015-இல் ஆந்தம் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 7.88 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, உறுப்பினர் எண் முதலியவை திருடப்பட்டன. 2024-இல் அங்கே மருத்துவப் பில்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தின் மேல் நடந்த தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 19 கோடி. ஆகவே எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் விவரம் தெரியும் என்பது எதற்கும் சாட்சி ஆகாது. போனஸ் வந்திருக்கிறது, பாலிசி காலாவதியாகப் போகிறது, கிளைம் தொகையை விடுவிக்க ஒரு கட்டணம் கட்ட வேண்டும் என்று எந்தக் கதையோடு வந்தாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டு நீங்களாகத் தேடி எடுத்த எண்ணுக்கு அழையுங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்திப் புதுப்பிக்காதீர்கள்.

அட்டையைக் குடும்பத்துக்குள் இரவல் கொடுப்பதைப் பற்றித் தயக்கமில்லாமல் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் பாசத்தால் செய்கிறோம். தம்பிக்குக் காப்பீடு இல்லை, அவசர அறுவை சிகிச்சை, அண்ணனின் அட்டையில் சேர்த்துவிடலாம் என்று யாரோ யோசனை சொல்கிறார்கள். அன்றைக்குப் பில் கட்டப்பட்டுவிடும். ஆனால் அன்றிலிருந்து அண்ணனின் மருத்துவப் பதிவில் தம்பியின் ரத்தப் பிரிவு இருக்கிறது, தம்பியின் ஒவ்வாமை இருக்கிறது, தம்பியின் அறுவை சிகிச்சை இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அண்ணன் மயங்கிய நிலையில் அதே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டால், பணியில் இருக்கும் மருத்துவர் கணினியில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். தம்பிக்கு ஒவ்வாத மருந்து என்று பதிவில் இருப்பதால் அண்ணனுக்குத் தேவையான மருந்து மறுக்கப்படலாம். அண்ணனுக்கு ஒவ்வாத மருந்து பதிவில் இல்லாததால் அதையே ஏற்றவும் கூடும். சட்டப்படி இது குற்றம் என்பது இருக்கட்டும். உயிருக்கே ஆபத்தானது என்பதற்காகவே இதைச் செய்யாதீர்கள். தம்பியின் செலவுக்கு வேறு வழி தேடுங்கள்; மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் நிலைமையைச் சொன்னால் தவணையோ அறக்கட்டளை உதவியோ கிடைக்கக்கூடும்.

மருத்துவமனையில் இருக்கும் நாட்களில்

சேர்க்கும்போதே காப்பீட்டு மேசையில் ஒரு கேள்வி கேளுங்கள்: முன் அனுமதிக்காக நிறுவனத்துக்கு அனுப்பிய படிவத்தின் நகல் கிடைக்குமா? அதில் நோயின் பெயர், எத்தனை நாளாக இருக்கிறது, என்ன சிகிச்சை, உத்தேசச் செலவு எல்லாம் இருக்கும். மருத்துவர் உங்களிடம் சொன்னதும் அதில் எழுதியிருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். காலியான படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "கட்டத்தைப் பிறகு நிரப்பிக்கொள்கிறோம்" என்றால், நிரப்பிக் கொண்டுவந்த பிறகு போடுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படிக் கேட்கும் உறவினரைச் செவிலியர்களும் மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள் என்பது நான் கண்டது.

நோட்டுப்புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். எந்த இலக்கணமும் இல்லை. அப்பாவுக்காக நான் எழுதியதில் இரண்டாம் நாளின் பக்கம் இப்படி இருந்தது:

"காலை 6.10 ரத்தம் எடுத்தார்கள், இரண்டு குழாய். 8.30 எலும்பு மருத்துவர் வந்தார், மூன்று நிமிடம். 9.00 வலி மாத்திரை ஒன்று. 11.15 எக்ஸ்ரே, கீழ்த்தளம், சக்கரப் படுக்கையில் கூட்டிப் போனார்கள். 2.00 குளுக்கோஸ் பாட்டில் மாற்றினார்கள். பிசியோதெரபி இன்று வரவில்லை. இரவு 9.00 ஊசி, பெயர் கேட்டேன், ஒட்டிய தாளைப் பார்த்து எழுதிக்கொண்டேன்."

இவ்வளவுதான். வந்தது யார், எத்தனை மணி, என்ன செய்தார்கள், எது வரவில்லை. இந்த "வரவில்லை" என்பதை எழுத மறந்துவிடாதீர்கள். பில்லில் தவறாக ஏறுவது பெரும்பாலும் வராதவைதான். இரவில் மாறி வருபவரும் அதே புத்தகத்தில் தொடர வேண்டும். நோயாளி தனியாக இருந்தால், கைப்பேசியில் தனக்குத்தானே ஒரு குரல்பதிவு செய்துகொள்ளலாம்.

சில நேரங்களில் மோசடி பில்லில் இல்லாமல் சிகிச்சையிலேயே இருக்கும். தேவையே இல்லாத சேர்க்கை, தேவையே இல்லாத அறுவை சிகிச்சை ஆகியவை இந்த வகை. பல பாலிசிகள் உள்நோயாளியாகத் தங்கினால்தான் பணம் கொடுக்கும் என்பதால், வெளிநோயாளியாகவே முடிந்துவிடும் பரிசோதனைகளுக்கு "ஒரு நாள் படுத்துக்கொள்ளுங்கள், கேஷ்லெஸ் ஆகிவிடும், நிறுவனமே நேராகக் கட்டிவிடும்" என்று சொல்லப்படுவதுண்டு. இந்த வகையின் கொடூரமான எல்லையை அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் புற்றுநோய் மருத்துவராக இருந்த ஃபரித் ஃபாத்தாவின் வழக்கில் காணலாம். புற்றுநோய் இல்லாதவர்கள் உட்பட 553 பேருக்குத் தேவையற்ற கீமோதெரபியும் ஊசிகளும் கொடுத்துக் காப்பீட்டுப் பணத்தைப் பெற்ற அவருக்கு 2015-இல் 45 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவரிடம் முதல் கீமோதெரபி முடிந்திருந்த ஒரு பெண்மணி கால் முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே அவரைப் பார்க்க வந்த இன்னொரு மருத்துவர் பதிவுகளைப் படித்துவிட்டு, உங்களுக்குப் புற்றுநோய் இல்லை என்றார். தற்செயலாகக் கிடைத்த இரண்டாவது கருத்து அது. நீங்கள் தற்செயலுக்குக் காத்திருக்க வேண்டாம். உயிர் போகும் அவசரம் இல்லாத எந்தப் பெரிய சிகிச்சைக்கும், முதல் மருத்துவரோடு தொழில் தொடர்பில்லாத இன்னொருவரிடம், முதலாமவரின் முடிவைச் சொல்லாமல் அறிக்கைகளையும் படங்களையும் மட்டும் காட்டிக் கருத்துக் கேளுங்கள். நேர்மையான மருத்துவர் இதற்காக வருந்த மாட்டார். நம் மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் நேர்மையானவர்கள்தான்.

பில்லைப் படிக்கும் முறை

மொத்தத் தொகை மட்டும் இருக்கும் ஒரு பக்கத்தைக் காட்டினால், தேதிவாரியாக ஒவ்வொரு பொருளும் இருக்கும் விரிவான பில்லைக் கேளுங்கள். கேஷ்லெஸ் என்றாலும் அது உங்களுக்கு உரியது. நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, நோட்டை இடப்பக்கமும் பில்லை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு நாள்நாளாகப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும்.

முதலில் அறை நாட்களை எண்ணுங்கள். சேர்ந்த நாளும் வெளியேறும் நாளும் தனித்தனியே முழு நாளாகக் கணக்கிடப்பட்டிருக்கிறதா, பொது வார்டில் இருந்த நாளுக்குத் தனியறைக் கட்டணம் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்தது மருத்துவர் வருகை. ஒரே மருத்துவர் ஒரே நாளில் மூன்று முறை வந்ததாக இருந்தாலோ, நீங்கள் கேள்விப்படாத துறையின் நிபுணர் பெயர் இருந்தாலோ, அவர் கேஸ் ஷீட்டில் எழுதிய குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள். வந்திருந்தால் குறிப்பு இருக்கும். பரிசோதனைகளுக்கும் இதே வழிதான்: பில்லில் இருக்கும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு அறிக்கை இருக்க வேண்டும். அறிக்கை இல்லாத பரிசோதனை நடக்காத பரிசோதனை என்றே வைத்துக்கொண்டு கேளுங்கள்.

உடலுக்குள் வைக்கும் பொருட்களில் தனிக் கவனம் வேண்டும். செயற்கை மூட்டு, இதய ஸ்டென்ட், கண் லென்ஸ் ஆகியவை வரும் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். அதில் ஒன்றை நோயாளியின் பதிவில் ஒட்டுவார்கள். அந்த ஒட்டுச்சீட்டின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டு ஸ்டென்ட் என்று பில் சொன்னால் இரண்டு ஒட்டுச்சீட்டுகள் இருக்க வேண்டும். விலையுயர்ந்த வகைக்குப் பில் போட்டுவிட்டு மலிவான வகையை வைப்பதும் இதில் வெளிப்பட்டுவிடும். அப்பாவின் இடுப்பில் இருக்கும் உலோகத்தின் எண்ணை நான் இன்றைக்கும் பாலிசிக் கோப்பில் வைத்திருக்கிறேன். பின்னாளில் வேறு மருத்துவர் பார்க்கவும் அது உதவும்.

மருந்துக் கணக்கில் திருப்பிக் கொடுத்தவை கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே அறுவை சிகிச்சையைத் துண்டு துண்டாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் போடுவது இன்னொரு பழக்கம். அதை நாமே கண்டுபிடிப்பது கடினம் என்பதால், "இது தொகுப்புக் கட்டணத்தில் சேராதா?" என்று கேட்டுவிட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்துக்கு முன்பே வரிவரியாகப் படியுங்கள். கடந்தகால நோய்கள் என்ற பகுதியில்தான் ஆபத்து அதிகம். நோய் உங்களுக்கு உண்டா, எத்தனை ஆண்டுகளாக என்று எழுதியிருக்கிறார்கள், அது சரியா? "இரண்டு ஆண்டு" என்று நீங்கள் சொன்னது "பன்னிரண்டு ஆண்டு" என்று பதிவாகிவிட்டால், பாலிசி வாங்கும் முன்பே இருந்த நோயாக அது மாறிவிடும். தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். எதுவானாலும் அங்கேயே திருத்தி, மருத்துவரின் கையெழுத்தோடு புதிய பிரதி வாங்கிய பிறகு வெளியே வாருங்கள். மருத்துவச் சொற்கள் புரியவில்லை என்றால் பணியிலுள்ள மருத்துவரை அழைத்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் உடம்பைப் பற்றிய காகிதம்.

வீட்டுக்கு வந்த பின்பு நிறுவனத்திலிருந்து வரும் கிளைம் தீர்வுக் கடிதத்தைக் குப்பையோடு போட்டுவிடாதீர்கள். மருத்துவமனை உங்களிடம் காட்டிய தொகையும் நிறுவனத்துக்கு அனுப்பிய தொகையும் வேறுபடுவது அங்கேதான் தெரியும். நோயே வராத ஆண்டிலும் ஒரு முறை, உங்கள் பாலிசியில் இதுவரை பதிவான கிளைம்களின் பட்டியலையும் மீதமிருக்கும் காப்பீட்டுத் தொகையையும் கேட்டுப் பெறுங்கள். யாரோ உங்கள் பெயரில் எடுத்துவிட்டிருந்தால், அது உங்களுக்கு அவசரம் வரும் நாளில் தெரியக் கூடாது.

நம்மைக் கூட்டுச் சேர்க்கும் பேச்சு

"மூக்குத் தண்டைத் திருத்தும் அறுவை சிகிச்சை என்று போட்டுவிட்டு, அழகுக்கான வேலையையும் சேர்த்துச் செய்துவிடலாம்." "பில்லில் உங்கள் பங்காக வரும் இணைக் கட்டணத்தை நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம், பில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்." "மருந்துக் கடையில் பில் மட்டும் வாங்கித் தருகிறேன்." இப்படிப்பட்ட பேச்சுகளுக்குத் தலையாட்டிவிட்டால், பின்னால் விசாரணை வரும்போது உங்கள் கையெழுத்து உங்களுக்கு எதிராக நிற்கும். பாலிசி ரத்தாகலாம், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், வழக்கும் வரலாம். ஒரு நிறுவனம் ரத்து செய்தவருக்கு இன்னொரு நிறுவனம் பாலிசி தருவது அரிது. மருத்துவமனை அன்று உங்களைக் காப்பாற்ற வராது. "அப்படி வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்" என்று ஒரே ஒரு முறை சொன்னால், பெரும்பாலும் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார்கள்.

தவறு கண்ணில் பட்டால்

எடுத்த எடுப்பிலேயே மோசடி என்று சொல்லாதீர்கள். பெரிய மருத்துவமனைகளில் படுக்கை எண் மாறி அடுத்தவரின் கணக்கு ஏறிவிடுவது உண்மையிலேயே நடக்கிறது. "இந்த வரி புரியவில்லை, இதற்கான பதிவைக் காட்டுங்கள்" என்று தொடங்குங்கள். பிழை என்றால் சில நிமிடங்களில் திருத்திவிடுவார்கள். பதிவைக் காட்ட மறுப்பதும், வேறு வேறு பதில் சொல்வதும், "உங்களுக்கு என்ன" என்று கேட்பதும் வேறு வகை. நோயாளி இன்னும் படுக்கையில் இருந்தால், குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, அவர் பத்திரமாக வீடு திரும்பிய பிறகு புகார் செய்வதே நல்லது என்பது என் கருத்து. அது கோழைத்தனம் ஆகாது.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். முதலில் மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும், அதே நாளில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். பல நிறுவனங்களில் மோசடியை விசாரிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. உணர்ச்சியைக் குறைத்து விவரத்தைக் கூட்டி இப்படி எழுதலாம்:

"என் தந்தை இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தங்கள் மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிவுக்காக உள்நோயாளியாக இருந்தார். இறுதிப் பில்லின் 3-ஆம் பக்கத்தில் நெபுலைசர் 14 முறை அளிக்கப்பட்டதாக உள்ளது. அவர் தங்கியிருந்த எந்த நாளிலும் அச்சிகிச்சை அளிக்கப்படவில்லை. நாள்வாரிக் குறிப்பின் நகலை இணைத்துள்ளேன். இச்சிகிச்சைக்கான மருத்துவரின் உத்தரவையும் செவிலியர் பதிவையும் அளிக்குமாறும், பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் திருத்தித் தருமாறும், திருத்தத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நியாயமான அவகாசத்தில் பதில் வராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும், அதன் பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். இந்தியாவில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. உங்கள் அடையாளத்தை வைத்து வேறொருவர் சிகிச்சை பெற்றிருந்தாலோ போலிப் பாலிசிக்குப் பணம் கொடுத்து ஏமாந்திருந்தாலோ காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுக்கும் வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும்; பணம் கைமாறிய சில மணி நேரத்துக்குள் சொன்னால் தொகையை முடக்க வாய்ப்பு உண்டு.

பணம் சரியானதோடு நிறுத்திவிடாதீர்கள். பில்லைத் திருத்திவிட்டுச் சம்மரியைத் திருத்தாமல் அனுப்பப் பார்ப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது: நெபுலைசர் வரியை அரை மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள், மூச்சுக்குழாய் நோயை நீக்க மேலும் இரண்டு மணி நேரம் ஆனது, கையெழுத்திட வேண்டிய மருத்துவர் அறுவை அரங்கிலிருந்து வெளியே வரும்வரை அப்பா சக்கர நாற்காலியிலேயே இருந்தார். பழைய சம்மரி, திருத்திய சம்மரி இரண்டையும் தேதியோடு கோப்பில் வைத்திருக்கிறோம். திருத்திய பிரதி தங்கள் பதிவில் சேர்ந்துவிட்டது என்று காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்பிரதியும் அதன் மேலேயே இருக்கிறது.